பாம்பனில் ஒரு வினாடி, கொடைக்கானலில் ஒரு வினாடி

பாம்பன் புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். கப்பல் வரும்போது அது 17 மீட்டர் மேலே போகும். அதன் மேல் மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் ஒன்றை வைத்துத் தூக்கினால், கீழே தண்டவாள மட்டத்தில் இருக்கும் கடிகாரத்தைவிட அது வேகமாக ஓடும். தூக்காமல் ரயிலில் ஏற்றிப் பாலத்தைக் கடந்தாலோ மெதுவாக ஓடும். ரயிலின் வேகம் மணிக்கு 66 கி.மீ. அளவில் இருந்தால் இரண்டு மாற்றமும் அளவில் சமம்: 10¹⁵ வினாடிக்கு 2 வினாடிக்குச் சற்றுக் குறைவு. 10¹⁵ வினாடி என்பது 3 கோடி ஆண்டுக்கும் மேல்.

இதைக் கேட்டதும் எழும் கேள்வி இயல்பானது. மேலே ஒரு வினாடி, கீழே ஒரு வினாடி, ரயிலுக்குள் வேறொரு வினாடி என்றால், வினாடி என்ற அலகுக்கு என்ன அர்த்தம்? மீட்டரும் கிலோகிராமும் இப்படித்தானா? "ஓடும் கடிகாரம் மெதுவாகும், ஓடும் கோல் சுருங்கும், ஓடும் பொருளின் நிறை கூடும்" என்று பாடநூல்களில் படித்தவர்கள், அலகுகளே குறிப்பாயத்துக்குக் குறிப்பாயம் (அளப்பவர் எந்த நிலையில், எந்த வேகத்தில் இருந்துகொண்டு அளக்கிறார் என்பது) மாறுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அலகு மாறுவதில்லை. ஓரிடத்தில் அளந்ததை வேறோர் இடத்தில் அளந்ததோடு ஒப்பிடும்போது வரும் விகிதம்தான் மாறுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வரும் குழப்பம் மாணவர்களோடு நிற்பதில்லை. செயற்கைக்கோள் கணக்கில், விண்கலப் பாதைக் கணக்கில், எடை போடும் கடையில்கூட அது தலைகாட்டும்.

அலகு என்பது ஒரு செய்முறை

1967 முதல் வினாடி என்பது சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட அதிர்வு 9,192,631,770 முறை நிகழ எடுக்கும் நேரம். 1983 முதல் மீட்டர் என்பது வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 299,792,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். 2019 மே 20 முதல் கிலோகிராமும் உலோகக் கட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். ஆம்பியர், கெல்வின், மோல் மூன்றும் அதே நாளில் இதே வழிக்கு வந்தன.

இவற்றில் எதிலும் 'எந்த ஊரில்', 'எந்த வேகத்தில்', 'எந்த உயரத்தில்' என்ற நிபந்தனை இல்லை. அது விடுபட்டதல்ல, வேண்டுமென்றே இல்லை. செய்முறையைக் கையில் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே, அவரோடு சேர்ந்து இருக்கும் அணுவைக் கொண்டு, அலகை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கடலில் ஆழம் பார்க்க இரண்டு கையையும் விரித்து 'ஒரு பாகம், இரண்டு பாகம்' என்று கயிறு அளப்பதும் இப்படித்தான்: அலகை ஆளோடு எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே குறை, கை நீளம் ஆளுக்கு ஆள் வேறு. சீசியம் அணுவுக்கு அந்தக் குறை இல்லை. பாம்பனுக்கு எதிர்க்கரை ஊரான மண்டபத்தில் இருக்கும் சீசியம் அணுவும் பாரிஸில் இருக்கும் சீசியம் அணுவும் ஒன்றே.

ஐன்ஸ்டைனின் சார்பியலில் இப்படி அவரவர் இடத்தில் அளக்கப்படும் நேரத்துக்குச் சொந்தக் காலம் என்று பெயர். வினாடி என்பது சொந்தக் காலத்தின் அலகு. மீட்டர் என்பது சொந்த நீளத்தின் அலகு. மீட்டருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஈர்ப்பின் வேறுபாடு பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறிய தூரத்தில்தான் அந்த வரையறையை நேராகப் பயன்படுத்தலாம். பூமியிலிருந்து சூரியன் வரை ஒரே மூச்சில் மீட்டர் அளக்க முடியாது. அதற்கு முதலில் ஆயக் கணக்கு, அதாவது எல்லா இடத்துக்கும் பொதுவாக இடத்தையும் நேரத்தையும் குறிக்கும் ஏற்பாடு, வேண்டும்.

மீட்டரை ஒளியோடு கட்டியதற்குக் காரணம் என்ன என்பதை விசைப்படகில் இருக்கும் எக்கோ சவுண்டர் எளிதாகக் காட்டிவிடும். அதுவும் வேகத்தை நேரத்தால் பெருக்கித்தான் ஆழம் சொல்கிறது. ஆனால் அது நம்பியிருப்பது ஒலியின் வேகத்தை. பல கருவிகள் வினாடிக்கு 1,500 மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில் 29 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு 34 கிராம் அளவு உப்புள்ள நீரில், ஒலியின் உண்மையான வேகம் சுமார் 1,542 மீட்டர். ஆகவே 10 மீட்டர் ஆழத்தைக் கருவி 9.73 மீட்டர் என்று காட்டும். மழைக்காலத்தில் நீர் குளிர்ந்து உப்பும் குறைந்தால் பிழையும் மாறும். நீரோட்டத்துக்கு எதிராகவும் அதோடு சேர்ந்தும் ஒலி போகும் வேகம் வேறு. ஒலிக்கு ஊடகம் உண்டு, ஊடகத்துக்கு ஓட்டம் உண்டு. வெற்றிடத்தில் போகும் ஒளிக்கு இரண்டும் இல்லை. யார் எந்த வேகத்தில் போய்க்கொண்டு அளந்தாலும், தம் கடிகாரத்தாலும் தம் கோலாலும் அளந்தால், அதே 299,792,458 தான் வரும்.

பாலத்தின் மேல் கணக்கு

ரயில் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 66 கி.மீ. என்பது வினாடிக்கு 18.3 மீட்டர். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் 6.1 × 10⁻⁸. அதன் இருமடியில் பாதி 1.87 × 10⁻¹⁵. ரயிலில் இருப்பவருக்கு 2.08 கி.மீ. பாலம் இந்த விகிதத்தில் குட்டையாகும்: சுமார் 4 × 10⁻¹² மீட்டர், அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ரயிலுக்குள் இருக்கும் மீட்டர் கோல் ரயிலில் இருப்பவருக்கு ஒரு மீட்டர்தான். பாலத்தில் நிற்பவர் அதே கோலைத் தம் குறிப்பாயத்தில் அளந்தால் குறைவாக வரும். பாலத்தின் கோலை ரயிலில் இருப்பவர் அளந்தாலும் குறைவுதான். இருவரில் யாருடைய கோலும் கெட்டுப்போகவில்லை. கோலின் இரு முனைகளையும் 'ஒரே நேரத்தில்' குறிப்பது என்றால் என்ன என்பதில் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை, அவ்வளவே.

தூக்குப் பகுதிக்கு வேறு கணக்கு. புவியீர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். இந்தக் கரையில் முடுக்கம் 9.78. 17 மீட்டருக்கு 1.85 × 10⁻¹⁵ வருகிறது. ரயிலுக்கு வந்த எண்ணும் இதுவும் நெருங்கி நிற்பது தற்செயல் இல்லை. 17 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் கல் தண்ணீரைத் தொடும்போது அதன் வேகமும் மணிக்கு 66 கி.மீ. அளவே. கடிகாரத்தை மாற்றுவது ஒரு கிலோவுக்கு எத்தனை ஜூல் ஆற்றல் என்பதே. அது உயரமாக வந்தாலும் வேகமாக வந்தாலும் அளவு ஒன்று, குறி மட்டும் எதிர்.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு, பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தொடாமலே போய்விடும். பூமி சுழல்கிறது. பாம்பனில் தரையே கிழக்கு நோக்கி வினாடிக்கு 459 மீட்டர் வேகத்தில் போகிறது. பாலமும் ஏறக்குறைய மேற்கு கிழக்காகத்தான் கிடக்கிறது. பாலத்தின் இரு முனைக் கடிகாரங்களையும் ஜிபிஎஸ் நேரத்துக்கு ஒத்துவைத்திருந்தால், மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போகும் ரயிலின் கடிகாரம் சுமார் 10 பிக்கோ வினாடி பின்தங்கும். திரும்பி வரும்போது ஏறக்குறைய அதே 10 பிக்கோ வினாடி முந்தும். நாம் மேலே கணக்கிட்ட விளைவோ ஒரு வழிக்கு வெறும் 0.2 பிக்கோ வினாடி, ஐம்பதில் ஒரு பங்கு. போய்த் திரும்பினால்தான் பெரிய பகுதி அடிபட்டுப்போய், உண்மையான 0.4 பிக்கோ வினாடி இழப்பு மிஞ்சும். ஒரு பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

ஒரு வழிப் பயணத்தில் வந்த 10 பிக்கோ வினாடி வினாடியின் குற்றம் அல்ல. தூரத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்களை எந்த முறையில் ஒத்துவைத்தோம் என்பதன் விளைவு. 1971-இல் ஹாஃபெலும் கீட்டிங்கும் சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றியபோது இதையே பெரிய அளவில் கண்டார்கள். கிழக்கே சுற்றியவை 59 நானோ வினாடி பின்தங்கின. மேற்கே சுற்றியவை 273 நானோ வினாடி முந்தின. உலகையே சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்ததால் அங்கே சுழற்சியின் பங்கு அடிபடவில்லை.

கொடைக்கானலுக்கு எடுத்துப்போனால்

பாலத்தில் கிடைப்பதைச் சந்தையில் வாங்கும் கடிகாரத்தால் பார்க்கவே முடியாது. கொடைக்கானலில் பார்க்கலாம். உயரம் சுமார் 2,100 மீட்டர். ஒவ்வொரு மீட்டருக்கும் 1.09 × 10⁻¹⁶ என்றால் மொத்தம் 2.3 × 10⁻¹³. நாளொன்றுக்கு 20 நானோ வினாடி, பத்து நாளில் 200.

இதற்கு வேண்டியது உயர்தர சீசியம் கற்றைக் கடிகாரம். 30 கிலோ அளவு எடை, 50 வாட் அளவு மின்சாரம். ஒன்று போதாது. குறைந்தது இரண்டு வேண்டும், மூன்று இருந்தால் நல்லது. இரண்டில் ஒன்று தடுமாறினால் எது தடுமாறியது என்று தெரியாது, மூன்று இருந்தால் தெரிந்துவிடும்.

முதல் வேலை, எல்லாவற்றையும் மண்டபத்தில் ஒரே அறையில் வைத்துப் பத்து நாளாவது ஒன்றோடொன்று ஒப்பிடுவது. இதை விட்டுவிட்டால் சோதனையே வீண். காரணம், இந்த வகைக் கடிகாரங்களுக்குத் தயாரிப்பாளர் உறுதி சொல்லும் துல்லியமே 5 × 10⁻¹³ அளவு. நாம் தேடும் விளைவைவிட அது இருமடங்கு. எந்தக் கடிகாரம் இயல்பாகவே எவ்வளவு முந்துகிறது என்று முன்கூட்டித் தெரிந்தால்தான், மலையில் கூடுதலாக முந்தியது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க முடியும். ஒரே கடிகாரத்தின் நிலைத்தன்மை சில நாள் சராசரியில் 10⁻¹⁴ அளவுக்கு வருவதால் கழித்தல் நம்பகமாக இருக்கும்.

அடுத்தது வழி. வண்டியில் போகும்போது மின்சாரம் ஒரு கணமும் அறுபடக் கூடாது. கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மின்கலம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, ஆகவே வெளியே தனி மின்கலம் வேண்டும். அறுபட்டால் மறுபடி ஓடும், ஆனால் இதுவரை சேர்ந்த கணக்கு போய்விடும். வண்டியின் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: 60 கி.மீ. வேகத்தில் ஐந்து மணி நேரம் போனாலும் இழப்பு 0.03 நானோ வினாடி. கவலைப்பட வேண்டியது வெப்பநிலை, காந்தப்புலம் இரண்டையும் பற்றித்தான். கரையில் 32 டிகிரி, மலையில் 15 டிகிரி என்றால் கடிகாரத்தின் மின்னணுப் பகுதியே நகரும். மேலேயும் கீழேயும் அறையை ஒரே வெப்பத்தில் வைக்க வேண்டும். வண்டி ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்கக் கூடாது.

இறக்கிக் கொண்டுவந்து மறுபடி பத்து நாள் அருகருகே ஒப்பிட வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளும் ஒரே சாய்வில் இருந்து, நடுவில் 200 நானோ வினாடி படியேறியிருந்தால் அது ஈர்ப்பின் வேலை. சாய்வே மாறியிருந்தால் கடிகாரம் வழியில் பாதிக்கப்பட்டிருக்கிறது, அந்த முடிவைத் தள்ளிவிடுவது நல்லது.

தூக்கிக்கொண்டு போகாமல், இரண்டு இடத்திலும் ஒரே செயற்கைக்கோளை ஒரே சமயத்தில் கேட்டு ஒப்பிடும் முறையும் உண்டு. அதில் அலைவாங்கியிலிருந்து கருவிக்கு வரும் கேபிள் மீட்டருக்கு 5 நானோ வினாடி அளவு தாமதம் சேர்க்கும். தாமதம் மாறாமல் இருக்கும்வரை தொல்லை இல்லை. மதிய வெயிலில் கேபிள் சூடாகி இரவில் குளிர்வதால் வரும் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் செய்து 200 நானோ வினாடி கிடைத்தால், கொடைக்கானலில் வினாடி குட்டையாகிவிட்டது என்று பொருளா? மலையில் இருந்தபோது அந்தக் கடிகாரத்தால் ஒளியின் வேகத்தை அளந்திருந்தாலும், ஒரு கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுளை அளந்திருந்தாலும், மண்டபத்தில் வரும் அதே எண்தான் வந்திருக்கும். மலை வினாடி சுத்தமான வினாடி. கரை வினாடியும் சுத்தமான வினாடி. கடிகாரம் மலையில் கழித்த வினாடிகளின் எண்ணிக்கை, அதே இரண்டு சந்திப்புகளுக்கு இடையில் கரையில் கழிந்த வினாடிகளின் எண்ணிக்கையைவிட அதிகம். இரண்டு ஊருக்கு இரண்டு பாதை இருந்தால் கிலோமீட்டர் வேறு வேறாக வரும், அதற்காகக் கிலோமீட்டரின் நீளம் மாறியது என்று யாரும் சொல்வதில்லை.

கடல்மட்டம் ஏன் இந்தக் கதைக்குள் வருகிறது

உலகம் முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்றால் ஏதோ ஓர் உயரத்தின் வினாடியைப் பொதுவாக எடுக்கத்தான் வேண்டும். எடுக்கப்பட்டது கடல்மட்டம். 1980-இல் வந்த முடிவுப்படி, அனைத்துலக அணு நேரத்தின் அளவு என்பது சுழலும் பூமியின் ஜியாய்டில் கிடைக்கும் வினாடி. ஜியாய்டு என்பது அலையும் காற்றும் ஓதமும் இல்லாமல் கடல் அமைதியாக நின்றால் எந்தப் பரப்பில் நிற்குமோ, தரைக்கு அடியிலும் அதை நீட்டினால் எப்படிப் போகுமோ அந்தப் பரப்பு.

கடல்மட்டம் என்றால் உலகமெங்கும் ஒரே உருண்டை என்று நினைத்தால் இந்தக் கரையே அதை மறுத்துவிடும். பூமியின் ஈர்ப்பில் இருக்கும் மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடற்பரப்பு, துருவங்களில் சற்றே தட்டையான கணித உருண்டைக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. ராமேஸ்வரம் அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே இருக்கிறது. ஆகவே அரிச்சல்முனையில் கால் நனைய நின்றுகொண்டு ஜியாய்டுத் திருத்தம் போடாத ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தால், உயரம் மைனஸ் 90-க்கும் கீழே காட்டும். கருவி பழுதில்லை. அது கடலிலிருந்து அளக்கவில்லை, கணித உருண்டையிலிருந்து அளக்கிறது.

இப்போது கேள்வி: 90 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடப்பதால் தனுஷ்கோடிக் கடலோரக் கடிகாரம் ஐரோப்பியக் கடலோரக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடுமா? ஓடாது. நீர் தானாக எங்கே நிற்கும்? ஒரு துளியை இங்கிருந்து அங்கே நகர்த்த ஆற்றல் செலவாகாத பரப்பில் நிற்கும். கடிகாரத்தை மாற்றுவதும் அதே ஆற்றல்தான் என்று பாலத்தில் பார்த்தோம். ஆற்றல் வேறுபாடு இல்லையென்றால் கடிகார வேறுபாடும் இல்லை. மேட்டுக் கடலோ பள்ளக் கடலோ, ஜியாய்டில் வைத்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே வீதத்தில் ஓடும்.

ஐன்ஸ்டைனே 1905 கட்டுரையில், நிலநடுக்கோட்டில் இருக்கும் கடிகாரம் பூமியின் சுழற்சியால் துருவக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்று எழுதினார். அப்போது ஈர்ப்பின் பங்கு அவருக்குத் தெரியாது. சுழற்சியால் நடுப்பகுதி பிதுங்கி, நிலநடுக்கோட்டில் இருப்பவர் மையத்திலிருந்து 21 கி.மீ. கூடுதல் தொலைவில் இருக்கிறார். அதனால் வரும் முந்துதல், சுழற்சி வேகத்தால் வரும் பிந்துதலைச் சரியாக ஈடுகட்டிவிடுகிறது.

புதுதில்லி கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இந்திய நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரங்கள் அதனால் மட்டும் நாளுக்கு 2 நானோ வினாடி அளவு முந்தும். அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகம் 1,650 மீட்டர் உயரம், திருத்தம் 1.8 × 10⁻¹³. அங்கே பிறக்கும் வினாடி வரையறைப்படி சரியானது. உலகப் பொது நேரத்துக்குக் கொடுக்கும்போதுதான் உயரத்துக்கான திருத்தம் கழிக்கப்படுகிறது.

விண்ணில் போகும் கடிகாரங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கி.மீ. உயரத்தில் வினாடிக்கு 3.87 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. வேகத்தால் நாளுக்கு 7.2 மைக்ரோ வினாடி பிந்தும், உயரத்தால் 45.8 முந்தும், மிச்சம் 38.6 முந்துதல். நமது நாட்டின் இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் மிச்சம் 46.6 மைக்ரோ வினாடி. 1977 ஜூனில் ஏவிய என்டிஎஸ்-2 என்ற முன்னோடிச் செயற்கைக்கோளில், திருத்தக் கருவியை முதல் இருபது நாள் அணைத்தே வைத்திருந்து பார்த்தார்கள். கோட்பாடு சொன்னது 10¹²-இல் 446.5 பங்கு, வந்தது 442.5. அதன் பிறகு திருத்தத்தைப் போட்டுவிட்டார்கள். இன்றும் ஜிபிஎஸ் கடிகாரம் தரையில் இருக்கும்போதே 10.23 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 10.22999999543 மெகாஹெர்ட்ஸுக்கு வைக்கப்படுகிறது. மேலே போனதும் தரையிலிருந்து பார்ப்பவருக்கு 10.23 ஆகத் தெரியும்.

கவனியுங்கள், இந்தக் கடிகாரம் காட்டுவது அதன் சொந்த வினாடி அல்ல. தரையின் வினாடியைக் காட்டும்படி அது வேண்டுமென்றே மாற்றப்பட்டிருக்கிறது. செயற்கைக்கோளில் ஒருவர் உட்கார்ந்து அதை நம்பி ஒளியின் வேகத்தை அளந்தால் தவறான எண் வரும்.

சார்பியல் திருத்தம் இல்லாவிட்டால் இடம் நாளுக்கு 11 கி.மீ. தவறும் என்று எங்கும் எழுதப்படுகிறது. 38.6 மைக்ரோ வினாடியை ஒளிவேகத்தால் பெருக்கினால் 11.6 கி.மீ. வருவது சரி. ஜிபிஎஸ் கருவி படகின் இடத்தை 11 கி.மீ. தள்ளிக் காட்டும் என்பது மிகை. கருவி தன் சொந்தக் கடிகாரப் பிழையையும் நான்காவது தெரியாத எண்ணாக வைத்துத்தான் இடத்தைத் தீர்க்கிறது. எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே அளவு முந்தினால் அந்தப் பிழை முழுக்க நான்காவது எண்ணுக்குள் போய்விடும். படகின் இடத்தில் மிஞ்சுவது, செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்பதில் வரும் நாளுக்கு 15 சென்டிமீட்டர் அளவு பிழை.

உண்மையில் படகைத் தொடுபவை வேறு மூன்று. ஒன்று, பாதை சரியான வட்டமாக இல்லாததால் வரும் ஏற்ற இறக்கம். வட்டத்திலிருந்து விலகல் 0.01 என்றால் 23 நானோ வினாடி, 7 மீட்டர். இது செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் வேறுபடுவதால் அடிபடாது, கருவியே கணக்கிட்டுக் கழிக்கிறது. இரண்டு, அலை வந்து சேர எடுக்கும் 0.07 வினாடியில் பூமி கிழக்கே 30 மீட்டர் அளவு சுழன்றுவிடும். மலிவான நிரல் எழுதியவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான். இடம் கிழக்கு மேற்காக மட்டும் நகர்ந்து தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது. மூன்று, ஜிபிஎஸ்ஸையும் நாவிக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது 38.6-க்கும் 46.6-க்கும் உள்ள 8 மைக்ரோ வினாடி. திருத்தாமல் இரண்டையும் ஒரே கடிகாரமாக எடுத்துக்கொண்டால், அது நாளுக்கு 2.4 கி.மீ. அளவு முரணாக வந்து நிற்கும்.

அலகே மாறுவதுபோல் தெரியும் இடம்

சூரியக் குடும்பக் கணக்கில் மட்டும் உண்மையிலேயே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வானியலாளர்கள் பல ஆய நேரங்களை வைத்திருக்கிறார்கள். பூமி மைய ஆய நேரம், நம் கடல்மட்ட நேரத்தைவிட ஆண்டுக்கு 22 மில்லி வினாடி முந்தும். சூரியக் குடும்ப மைய ஆய நேரம் ஆண்டுக்கு அரை வினாடியை நெருங்கி முந்தும். ஆய நேரம் எந்த ஒரு கடிகாரத்தின் சொந்தக் காலமும் அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்டது. இவற்றைச் சேர்த்தெழுதும்போது எல்லாவற்றுக்கும் 'வினாடி' என்றே பெயர் போட்டுவிடுகிறார்கள்.

விளைவு, ஒரே பூமியின் ஈர்ப்பு மாறிலிக்கு (பொது ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் நிறையால் பெருக்கியது) மூன்று எண்கள் புழங்குகின்றன: 3.986004418, 3.986004415, 3.986004356, எல்லாம் 10¹⁴-ஆல் பெருக்கப்பட்டவை. முதலாவது பூமி மைய ஆய நேரத்துக்கு, இரண்டாவது கடல்மட்ட நேரத்துக்கு, மூன்றாவது சூரியக் குடும்ப மைய நேரத்தைக் கடல்மட்ட வீதத்துக்கு இழுத்து ஒத்துவைத்த நேரத்துக்கு. பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து வேறொன்றோடு கலந்தால் விண்கலப் பாதை மெல்ல மெல்ல விலகும், பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். மாறிலி மாறவில்லை, வினாடியும் மாறவில்லை, ஆயத்தின் அளவுகோல் மாறியிருக்கிறது.

மற்ற அலகுகள்

கிலோகிராமில் வேகம் கொண்டுவருவதைவிட எடை கொண்டுவரும் தொல்லை அதிகம். மின்னணுத் தராசு நிறையை அளப்பதில்லை, பொருள் கீழே அழுத்தும் விசையை அளக்கிறது. புதுதில்லியில் முடுக்கம் 9.791, ராமேஸ்வரத்தில் 9.781. அங்கே சரிசெய்த தராசை அப்படியே பாம்பனுக்குக் கொண்டுவந்து 50 கிலோ கருவாட்டு மூட்டையை வைத்தால் 50 கிராம் குறைத்துக் காட்டும். ஆகவே இருக்கும் இடத்திலேயே எடைக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தக் கவலை இல்லை, அது நிறையோடு நிறையை ஒப்பிடுகிறது. வேகத்தால் நிறை கூடும் என்பதை இயற்பியலாளர்கள் பெரும்பாலும் கைவிட்டாயிற்று. நிறை என்றால் ஓய்வு நிறை, அது எல்லாக் குறிப்பாயத்திலும் ஒன்று. கூடுவது ஆற்றலும் உந்தமும். பிளாங்க் மாறிலியும் மாறாது: ஓடும் ஒளிமூலத்தின் ஆற்றலும் அதிர்வெண்ணும் ஒரே விகிதத்தில் மாறுவதால் அவற்றின் வகுத்தல் அப்படியே நிற்கும்.

மின்னூட்டம் இன்னும் உறுதி. யுரேனியம் அணுவின் உள் எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டுகின்றன. வேகத்தால் மின்னூட்டம் துளி மாறினாலும் கனமான அணுக்கள் நடுநிலையாக இருக்காது. மோல் என்பது எண்ணிக்கை, அதை எண்ணுபவரின் வேகம் தொடாது. கெல்வின் மட்டும் சண்டைக்குரியது. ஓடும் பொருள் குளிர்ந்து தெரியும் என்று 1907 வாக்கில் பிளாங்கும் ஐன்ஸ்டைனும் சொன்னார்கள், சூடாகத் தெரியும் என்று 1963-இல் ஓட் என்ற இயற்பியலாளர் சொன்னார், மாறாது என்று லாண்ட்ஸ்பெர்க் என்ற இயற்பியலாளர் சொன்னார். இன்று பெரும்பாலோர் வெப்பநிலையைப் பொருளின் ஓய்வுக் குறிப்பாயத்திலேயே வரையறுத்துச் சண்டையைத் தவிர்த்துவிடுகிறார்கள். அது தப்பித்தல் இல்லை, மற்ற அலகுகளுக்கும் அதைத்தான் செய்தோம்.

வேகம் மிகப் பெரியதாக இருக்கும் சோதனை நம் தலைமேலேயே நடக்கிறது. மேல்வளியில் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் மியூவான் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். ஆனாலும் கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வந்து விழுகிறது. இருபது மடங்கு நீட்சி உள்ள வேகத்தில், நமக்கு அதன் ஆயுள் 44 மைக்ரோ வினாடியாகத் தெரியும். அதற்கோ ஆயுள் அதே 2.2, வளிமண்டலம்தான் 750 மீட்டராகத் தெரியும். தரையை அடைந்த எண்ணிக்கையில் இரு கணக்கும் ஒத்துப்போகும்.

எல்லாம் சேர்ந்து மாறினால்?

அலகுகள் அத்தனையும் ஒரே விகிதத்தில் மாறினால் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரியாது. அலகோடு வரும் எந்த எண்ணும் தனியே மாறியது என்று சொல்வதற்கே பொருளில்லை. அலகில்லாத விகிதங்கள் மாறினால் மட்டும் கண்டுபிடிக்கலாம். அதனால் சோதனைகள் இரண்டு வகைக் கடிகாரங்களை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுகின்றன. ஜனவரியில் பூமி சூரியனிலிருந்து 14.71 கோடி கி.மீ. தொலைவில், ஜூலையில் 15.21 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும். ஈர்ப்பு அலகைத் தொடுமானால் சீசியம் கடிகாரமும் ஹைட்ரஜன் கடிகாரமும் ஆண்டு முழுக்க வேறு வேறு விதமாக அசைய வேண்டும். ஈர்ப்பு மாற்றத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அந்த அசைவு தென்படவில்லை. எல்லாக் கடிகாரமும் ஒன்றாகவே போகின்றன. வினாடியை எந்த அணுவால் வரையறுத்தாலும் இந்தக் கட்டுரையில் உள்ள கணக்குகள் மாறாமல் இருப்பது இதனால்தான்.

அணு மாறவும் போகிறது. ஸ்ட்ரோன்ஷியம், இட்டெர்பியம் போன்றவற்றின் ஒளி அதிர்வைக் கொண்ட கடிகாரங்கள் 10⁻¹⁸ அளவை எட்டிவிட்டன. 2030-இல் வினாடியைப் புதிதாக வரையறுப்பதை நோக்கி வேலை நடக்கிறது. அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் உயரமே கடிகாரத்தில் தெரியும். கடல்மட்டம் என்ற பொதுப்பரப்பையும் அதே துல்லியத்தில் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஆனால் இந்தியப் பெருங்கடல் பள்ளத்தின் சரிவில் அதைச் சென்டிமீட்டர் கணக்கில் வரைவது எளிதல்ல. பாம்பன் ஓதத்தின் ஏற்ற இறக்கமே பல பத்து சென்டிமீட்டர். அதனால் புதிய வரையறையிலும் ஊர், உயரம் எதுவும் இருக்காது. எந்த உயரத்தில் அளந்தோம் என்று எழுதிவைப்பது, இனி அளப்பவரின் வேலையில் பாதியாகிவிடும்.